காப்பாளரின் முகம்

"கட்டி இருந்தாலும் அவர்கிட்ட இல்லைன்னுதான் சொல்லணும். இல்லாட்டியும் இல்லைன்னுதான் சொல்லணும்" என்றார் டாக்டர் முபீனா. "வாயால மட்டும் சொன்னா போதாது. முகமும் அதையே சொல்லணும். முடியுமா உங்களால?"

அன்புக்கனி தலையை ஆட்டினாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்வது வகுப்பறையில் பழகிய வித்தைதான் என்று அப்போது நினைத்தாள்.

அவள் கணவர் சேர்மத்துரை தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். சில நாட்களாகவே நெஞ்சைப் பிடித்திருக்கிறது. வாயு என்று சோடாவைக் குடித்துவிட்டுக் கிரேன் ஏறியிருக்கிறார். அன்று காலையில் குளியலறை வாசலில் சரிந்தபிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது. ரத்தக்குழாய் அடைப்பை எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்துவிட்டார். இதயத்தின் ஒரு மூலை மட்டும் பிழைக்கவில்லை.

டாக்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "இது இடது கீழறை. நுனியைப் பாருங்க. மத்த சதையெல்லாம் சுருங்கி விரியுது. இது மட்டும் சும்மா கிடக்கு. ஓடாத தண்ணியில பாசி பிடிக்குமில்ல? அதே மாதிரி, ஓட்டமில்லாத இடத்துல ரத்தம் உறைஞ்சுபோகும். இவருக்கு உறைஞ்சிருக்கு."

சாம்பல் நிறப் படத்தில் திராட்சை அளவில் ஒன்று காம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஆடியது.

"அது பிய்ஞ்சா?"

"ரத்தத்தோட கிளம்பிடும். பெரும்பாலும் மூளைக்குத்தான் போகும்."

டாக்டர் மெதுவாக விளக்கினார். முன்பெல்லாம் எப்போதாவது ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு ஸ்கேனுக்கு நடுவில் என்ன நடந்தது என்பது ஆள் விழுந்தபிறகுதான் தெரியும். இப்போது மாரடைப்பு வந்த எல்லோர் மார்பிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பட்டையை ஒட்டிவிடுகிறார்கள். அது ஓயாமல் உள்ளே பார்த்துக்கொண்டே இருக்கும்.

"முதல்ல நோயாளிக்கே படத்தைக் காட்டினோம். வேற வேலையே இல்லாம அதையே பார்த்துக்கிட்டுக் கிடந்தாங்க. பயத்துல நெஞ்சு அடிச்சு, அதனாலயே சிலருக்குக் கட்டி கிளம்பிடுச்சு. அப்புறம்தான் இந்தச் சட்டம் வந்துச்சு. படம் வீட்டுல ஒருத்தர் போனுக்கு மட்டும்தான் போகும். நெஞ்சு வேகமா அடிச்சா அந்தப் போன் அதிரும். அவங்கதான் காப்பாளர். எல்லாருக்கும் ஒரே பட்டை, ஒரே நிறத்துல மாத்திரை. தனக்குக் கட்டி இருக்கா இல்லையான்னு நோயாளிக்குத் தெரியவே தெரியாது."

"நான் என்ன செய்யணும்?"

"மாத்திரை கட்டியைக் கரைச்சுடும். சாதாரணமா மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் அதிர்ச்சி கூடாது. கோபம், பயம், துக்கம் எதுவும் கிட்ட வரக்கூடாது. அவர் காதுக்குப் போற ஒவ்வொரு சேதியும் உங்க வழியாத்தான் போகணும்."

இது ஆகாத காரியமில்லை என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அவர் அதிகம் பேசாத மனிதர். வீட்டில் துக்கம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். மகள் யாழ்மொழி கடற்கரைப் பையன் ரீகனைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அவள் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று வைத்திருந்தார். அந்தத் துக்கமும் அன்று காலையில் இளகிவிட்டது. ஆம்புலன்சில் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "யாழுகிட்ட சொல்லு" என்றார். அவர் எதிரிலேயே போன் போட்டாள்.

"அப்பாவா கூப்பிடச் சொன்னாங்க?" என்று மதுரையிலிருந்து மகள் கேட்டாள். "நெசமாவாம்மா?"

"ஆமாட்டி."

"இந்தா கிளம்பிட்டோம்."

டாக்டர் அறையை விட்டு அன்புக்கனி வெளியே வந்தபோது ரீகன் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கையில் கட்டு. சட்டை முழுக்கச் சேறு.

"யாழு எங்கப்பா?"

"எட்டயபுரம் தாண்டி நல்ல மழை, அத்தை. கார் சறுக்கிருச்சு." அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான். "கோவில்பட்டி ஆஸ்பத்திரியில வச்சிருக்காங்க."

சேர்த்திருக்காங்க என்று சொல்லவில்லை. வச்சிருக்காங்க என்றான். அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவள் திரும்பி டாக்டரின் அறைக்கே போனாள். எதற்குப் போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சேதியைக் கேட்ட டாக்டர் முபீனா எழுந்துவந்து அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு சொன்னார்: "இதை மறைச்சுடுங்கன்னு நான் சொல்ல முடியாதும்மா. ஆனா படத்தை நீங்களே பார்த்தீங்க."

தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்மத்துரை கண்ணைத் திறந்தார். "வந்துட்டாளா?"

"வர முடியலையாம்."

"ஏன்?"

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "வேலை பாக்குற காலேஜ்ல பரீட்சையாம். விடமாட்டேங்குறாங்களாம்."

இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சேர்மத்துரை அவள் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். முகம் அசையவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள், மாற்றுத்துணி எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வேம்பாருக்குப் போனாள். ரீகனின் ஊர் அது. கடலைப் பார்த்த கல்லறைத் தோட்டத்தில் மகளை இறக்கினார்கள். அவள் அழவில்லை. அழுதால் கண் வீங்கும், வீங்கினால் அவர் கேட்பார் என்ற நினைப்பிலேயே நின்றாள். அங்கிருந்த பெண்கள், கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருக்கலாம். சாம்பிராணி வாடை சேலையில் ஏறியிருந்ததால் வரும் வழியில் ஒரு உறவினர் வீட்டில் இறங்கிச் சேலையை மாற்றிக்கொண்டாள்.

"துணி எடுக்க இவ்வளவு நேரமா?" என்றார் சேர்மத்துரை.

"மழைங்க. பஸ் கிடைக்கலை."

வீட்டுக்கு வந்ததும் தெரு தன் பங்கைச் செய்தது. அந்த ஊரில் தெருவுக்கு ஒரு பட்டை வீடு இருந்தது. மார்பில் பட்டையோடு ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தால் அக்கம்பக்கத்தில் தானாகவே குரல் தணியும். சாவு மேளம் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு தெரு வழியாகப் போகும். பட்டை ஒட்டியவரோடு யாரும் சண்டை போடுவதில்லை. வாய்க்கால் தகராறில் பேச்சு முறிந்த பங்காளிகள்கூட வந்து சிரித்துவிட்டுப் போவார்கள். அந்தச் சிரிப்பில் எது உண்மை, எது பட்டைக்காக என்று யாரும் கேட்பதில்லை. பால்காரரிலிருந்து தெருக்கோடி அயர்ன்காரர் வரை எல்லோருக்கும் யாழ்மொழி செத்தது தெரியும். சேர்மத்துரைக்கு மட்டும் தெரியாது.

முதல் வாரத்தில் வாசலில் கார் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார். அடுத்த வாரம் பார்ப்பதை நிறுத்தினார். அப்புறம் பேச ஆரம்பித்தார். மணவாழ்க்கை முழுதும் சேர்த்துப் பேசாததை அந்த மாதங்களில் பேசினார்.

"அப்பன் சாகக் கிடக்கான்னு சொல்லியும் வரல பாத்தியா. பரீட்சையாம், பரீட்சை. எந்த ஊர்ல எட்டு நாளா பரீட்சை நடக்கு?"

"விடுங்க."

"எப்படி விட? நான் வாய்விட்டுக் கூப்பிட்டேன். வாழ்க்கையில ஒரு தடவை எறங்கி வந்து கூப்பிட்டேன். அவ என்னை நாயா நெனச்சுட்டா." மூச்சு வாங்கும். அவள் முந்தானைக்குள் போனைப் பார்ப்பாள். பாறையில் ஒட்டிய பாசி அலைக்கு ஆடுவதுபோல் கட்டி ஆடிக்கொண்டிருக்கும்.

"அவளுக்கு மனசுல என்ன கஷ்டமோ" என்பாள். அதற்கு மேல் மகளுக்காக ஒரு வார்த்தை வாதாட முடியாது. வாதாடினால் அவருக்குக் கோபம் ஏறும். அதனால் "சரிங்க" என்பாள். செத்துப்போன பிள்ளையைத் தகப்பன் ஏசுகிறார், பெற்றவள் பக்கத்தில் இருந்து சரி, சரி என்கிறாள்.

ஒருநாள் அவரே மகளின் எண்ணுக்குப் போன் போட்டார். மொட்டைமாடிப் படியில் நின்று, மனைவிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போட்டார். அவள் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. அந்தப் போன் ரீகனிடம் இருந்தது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் அப்பா என்று எரிவதைப் பார்த்தபடி இருந்திருக்கிறான். பிறகொருநாள் அதை அன்புக்கனியிடம் சொன்னான்.

"எவ்வளவு நாளைக்கு அத்தை இப்படி? கார் கதவைச் சாத்தும்போதுகூட அப்பா கூப்பிட்டாங்க, அப்பா கூப்பிட்டாங்கன்னு சொல்லிக்கிட்டே வந்தா. அவரு இப்ப அவளைப் பத்தி என்ன நெனைச்சுக்கிட்டு இருக்காரு?"

"உசுரோட இருக்காருப்பா. நெனைக்கிறதை அப்புறம் மாத்திக்கலாம்."

அன்று போன் மணி ஓய்ந்ததுமே அவர் மாடியிலிருந்து இறங்கிவந்திருந்தார். "அவ படத்தை எடுத்துடு" என்றார். கூடத்தில் யாழ்மொழி பட்டம் வாங்கிய படம் மாட்டியிருந்தது. பேச்சை நிறுத்திய காலத்திலும் அதை அவர் எடுக்கச் சொன்னதில்லை. "நான் செத்தாலும் அவ இந்த வாசலை மிதிக்கக் கூடாது. அவ செத்தாலும் எனக்குச் சொல்லக் கூடாது."

அன்புக்கனி நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினாள். அவருக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். முகம் அவளுக்கு அவ்வளவு தூரம் பழகிவிட்டிருந்தது. பிறகு கடைக்குப் போகிறேன் என்று கிளம்பிக் கடற்கரைச் சாலையில் ஆளில்லாத இடத்தில் போய் உட்கார்ந்தாள். இப்போதாவது அழலாம் என்று பார்த்தாள். வரவில்லை. கொட்டாவி மாதிரி வாய் திறந்து மூடியதே தவிர ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

கட்டி கரைந்தது. திராட்சை மிளகாகி, மிளகு கடுகாகி, ஒருநாள் போனில் வெறும் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. டாக்டர் முபீனா பட்டையை உரித்தெடுத்தார். சேர்மத்துரை உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த அளவு ஆடின கட்டி பிய்யாம கரைஞ்சு நான் பார்த்ததில்லை. நீங்கதான் காப்பாத்தினீங்க. இனி சொல்லலாம்."

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். ரீகனையும் வரச்சொல்லியிருந்தாள். அவன் வாசற்படி ஏறியதைப் பார்த்துச் சேர்மத்துரை எழுந்தார். "அவ எங்க?"

அன்புக்கனி சொன்னாள். எப்போது, எங்கே, எதற்காகக் கிளம்பி வந்தாள், எங்கே வைத்தார்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். அவர் மார்புக்குள் அப்படி ஒரு கட்டி தொங்கிக்கொண்டிருந்ததையும் சொன்னாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கூடத்துச் சுவரில் படம் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"நான் அவளை ஏசினப்பெல்லாம் நீ இங்கதானே இருந்த?"

"ஆமாங்க."

"கேட்டுக்கிட்டேதானே இருந்த?"

"உங்க உசுரு..."

"எம் புள்ளை என்னைப் பாக்க வந்து செத்துருக்கா. அவளைப் போயி, செத்தாலும் சொல்லாதேன்னு என் வாயால சொல்ல வச்சிருக்க." அவர் குரல் உயரவில்லை. "எனக்கு இந்த உசுரு வேணுமான்னு நீ கேட்டியா?"

அவர் எழுந்து, ரீகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார். இருவரும் போனார்கள். அவளைக் கூப்பிடவில்லை.

வேம்பாரிலிருந்து திரும்பியவர் மனைவியோடு பேசவில்லை. கோபத்தில் பாத்திரத்தை உருட்டவில்லை, கதவைச் சாத்தவில்லை. முன்னறையில் பாய் விரித்துக்கொண்டார். தன் சோற்றைத் தானே வடித்துக்கொண்டார். அவள் அறைக்குள் வந்தால் ஏதோ வேலை இருக்கிறவர்போல் எழுந்து வெளியே போவார். உறவினர்கள் வந்து, "அவ உங்களைக் காப்பாத்தத்தானே..." என்று தொடங்கினால் அவர்களையும் அப்படியே விட்டுவிட்டுப் போவார். ஞாயிறு தவறாமல் வேம்பார் போய்வந்தார். அவள் தனியாக வேறொரு நாளில் போய்வந்தாள். போனபோதும் அழுகை வரவில்லை.

டாக்டர் முபீனா ஒருமுறை போன் செய்து, புதுக் காப்பாளர்களுக்கு நடக்கும் கூட்டத்தில் வந்து பேச முடியுமா என்று கேட்டார். "உங்களை மாதிரி யாரும் செஞ்சதில்லைம்மா." முடியாது என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் அமிலத்தையும் காரத்தையும் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு நெஞ்சு அடைத்தது. கரும்பலகையைப் பிடித்துக்கொண்டே சரிந்தாள்.

விழித்தபோது அதே ஆஸ்பத்திரி. டாக்டர் முபீனா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்தக்குழாய்ல ஒரு அடைப்பும் இல்லைம்மா. துக்கம் தாங்காம இதயத்தோட நுனி பலூன் மாதிரி வீங்கிப்போச்சு. சிலருக்கு இப்படி வரும். பெரும்பாலும் தானா சரியாகிடும்."

"அதுவரைக்கும்?"

டாக்டர் அவள் போர்வையைச் சரிசெய்தார். அன்புக்கனி கையைத் தூக்கி மார்பைத் தடவிப் பார்த்தாள். உள்ளங்கை அகலத்தில் பட்டை ஒட்டியிருந்தது.

டாக்டர் போனபின் சேர்மத்துரை உள்ளே வந்தார். வெகுகாலத்துக்குப் பிறகு அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றார். நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

"கனி" என்றார்.

அந்த ஒரு சொல்லில் அவளுக்கு இத்தனை மாதம் வராத அழுகை வந்தது. அவர் துண்டால் துடைத்துவிட்டார். "அழாத. ஏளா, அழாத. நான் ஏதோ புத்திகெட்டு இருந்துட்டேன். உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ செஞ்சதுதான் சரி. என் எடத்துல நீ கிடந்து, உன் எடத்துல நான் இருந்தா நானும் அதைத்தான் செஞ்சிருப்பேன்."

அவள் அவர் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். செத்த பிள்ளை திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது. அப்படியே கொஞ்சநேரம் கிடந்தாள்.

அவருடைய சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவர் குனியவில்லை. பார்வை மட்டும் ஒரு இமைப்பு நேரம் கீழே போய்த் திரும்பியது. முகம் அப்படியே இருந்தது.

அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். முந்தானைக்குள் எத்தனை தடவை அப்படிப் பார்த்திருப்பாள்.

"எனக்குக் கட்டி இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லையே" என்றார் அவர். சொன்ன விதத்தில் ஒரு குறையும் இல்லை.

வீட்டுக்கு வந்தார்கள். தெரு குரலைத் தணித்துக்கொண்டது. அவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார், மாத்திரை எடுத்துக் கொடுத்தார், சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து யாழ்மொழியைப் பற்றிப் பேசினார். சின்ன வயதில் அவளைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போய்க் கிரேனைக் காட்டியது, அவள் பயந்து காலைக் கட்டிக்கொண்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முன்னறைப் பாயைச் சுருட்டிவைத்துவிட்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தார். கல்யாணமான புதிதில்கூட அவர் அவளிடம் இவ்வளவு அன்பாக இருந்ததில்லை. அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் அவள் அந்த முகத்தையே பார்த்தாள். மகளை அனுப்பிவிட்டு வந்து, மழை, பஸ் கிடைக்கலை என்று சொன்னபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாள். இப்படித்தான் இருந்திருக்கும். இதைவிட நன்றாகக்கூட இருந்திருக்கலாம்.

ஒரு தடவை துணிந்து கேட்டுவிட்டாள். "உங்களுக்கு நெசமாவே எம்மேல கோபம் இல்லையா?"

"என்னளா கேள்வி இது" என்று அவர் தலையைத் தடவிவிட்டார்.

நெசம் என்றாலும் அதைத்தான் சொல்வார். பொய் என்றாலும் அதைத்தான் சொல்வார்.

சில மாதம் கழித்து டாக்டர் முபீனா கூப்பிட்டு அனுப்பினார். ஸ்கேன் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நுனி நல்லா வேலை செய்யுது. ஒரு குறையும் இல்லை. பட்டையை எடுத்துடலாம்."

சேர்மத்துரை கதவோரம் நின்றிருந்தார். போனை எடுத்து ஒருமுறை பார்த்தார், பைக்குள் போட்டார். டாக்டர் பஞ்சை நனைத்துக்கொண்டு பட்டையின் ஓரத்தை நகத்தால் கிளப்பினார்.

அன்புக்கனி அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே, டாக்டர்."

"தேவையே இல்லைம்மா. எதுக்கு?"

அவள் கணவரின் பக்கம் திரும்பவில்லை. "இருக்கட்டும்" என்றாள். "அது பாட்டுக்கு இருக்கட்டும்."